ஈரம் பின்கட்டோடு நிற்கட்டும்

கேள்வி: வாலாஜாபேட்டையில் மாமனார் வழியில் வந்த மெத்தை வீடு எங்களுடையது. 20 அடி அகலம், 84 அடி நீளம், இரண்டு பக்கமும் பொதுச்சுவர். தெருவிலிருந்து திண்ணை, நடை, அதை ஒட்டி ஓர் அறை, நான்கு மரத்தூண்களோடு முற்றம் வைத்த கூடம். அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டில் நெல் வைத்திருந்த அறையும் சமையல்கட்டும். கடைசியில் கிணறும் கழிப்பறையும் உள்ள 22 அடித் தோட்டம். மேலே மரவிட்டமும் சுண்ணாம்புத் தளமும். முழங்கால் வலியுள்ள மாமியார், நாங்கள் இருவர், படிக்கும் இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் இருக்கிறோம். கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. சுவரில் மூன்றடி உயரம் வரை உப்புப் பூத்து உதிர்கிறது. ஓர் எஞ்சினியர் இடித்துவிடச் சொல்கிறார். மேஸ்திரியோ மெத்தையில் இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டு, கீழே டைல்ஸ் ஒட்டினால் போதும் என்கிறார். முற்றத்தை மூடலாமா? சமையலறைச் சுவரை எடுத்துக் கூடத்தோடு சேர்க்கலாமா? மாமியாருக்கு அட்டாச்டு பாத்ரூம் எங்கே வைப்பது? மாடியில் ஓர் அறை எழுப்பலாமா? தூண்களில் பூசியிருக்கும் பச்சைப் பெயிண்டை எடுக்க முடியுமா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். வீட்டை இடிக்க வேண்டாம். மேஸ்திரி சொல்லும் கான்கிரீட்டும் வேண்டாம். எழுதியிருக்கும் அளவுகளைப் பார்த்தால், ஐந்து பேர் வசதியாக இருக்க இந்த வீடு போதும். ஆனால் எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாங்கட்டின் பின்சுவர்தான் அந்தக் கோடு. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் மரமும் சுண்ணாம்பும். முற்றத்து மழைநீர்க்குழாயைத் தவிர, அங்கே தண்ணீர்க்குழாய், கழிவுக்குழாய், தொட்டி எதுவும் வரக்கூடாது. தண்ணீர் புழங்கும் வேலை எல்லாம் கோட்டுக்குப் பின்னால், தோட்டத்தில் புதிதாக எழுப்பும் சின்னப் பின்கட்டுக் கட்டடத்துக்குப் போகட்டும். பழைய மெத்தை வீடுகள் வயதானதால் விழுவது குறைவு. ஈரம் உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் தங்குவதால்தான் அவை கெடுகின்றன.

இடிப்பதில் உள்ள சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். 1866-லேயே நகராட்சியான ஊர் உங்களுடையது. பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக, ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பொதுச்சுவரில் அந்தப் பக்கத்து வீட்டின் விட்டங்களும் உட்கார்ந்திருக்கக்கூடும். உங்கள் விட்டங்களை உருவினால் அந்தச் சுவருக்கு ஒரு பக்கப் பிடிமானம் போய்விடும். திறந்து கிடக்கும் சுவரில் ஒரு மழை அடித்தால் அடுத்த வீட்டுக்காரருக்கும் ஆபத்து. இடித்துக் கட்டினால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி புதிதாக அனுமதி வாங்க வேண்டும். உங்கள் தெருவில் எவ்வளவு இடம் விடச் சொல்வார்கள் என்று நகராட்சியில் கேட்டுப் பாருங்கள். 20 அடி அகலத்தில் ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு. இடிக்காவிட்டாலும் பின்கட்டுக்கு அனுமதி தேவை. சுவரில் திறப்பு வைக்க அனுமதி வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களிலும் இருக்கும் வெடிப்புகளைப் படமெடுத்து, அவர்களிடம் காட்டி, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மனத்தாங்கல் வராது.

முதலில் மெத்தை. உங்கள் கூரையில் ஒரு அடிக்கும் ஒன்றரை அடிக்கும் இடைப்பட்ட தூரத்தில் மரச்சட்டங்கள் இருக்கும். அவற்றின்மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்கள், செங்குத்தாகவும் சாய்வாகவும் சுண்ணாம்பில் அடுக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் சுருக்கி, அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம், அதன்மேல் தட்டோடு எனும் தட்டை ஓடு. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வது இதைத்தான். சுருக்கி மட்டுமே ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன் எடை வரும். அதன்மேல் இரண்டு அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டால் சதுரத்துக்கு இன்னும் ஒரு டன் கூடும். எடைகூட இரண்டாவது பிரச்சினைதான். சிமென்ட் வெயிலில் வெடிக்கும். வெடிப்பு வழியே இறங்கிய மழை, மேலே ஆவியாகப் போக முடியாமல் மரத்தில் போய் உட்காரும். வேலூரை வெயிலூர் என்று சொல்லும் சீமையில், கத்திரி வெயிலில் மெத்தை எவ்வளவு விரிந்து, இரவில் எவ்வளவு சுருங்கும் என்று உங்களுக்கே தெரியும். சுண்ணாம்பு அந்த அசைவுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். சிமென்ட் கொடுக்காது.

மரத்தைச் சோதிப்பது சுலபம். ஏணி, டார்ச், ஒரு திருப்புளி, சின்னச் சுத்தியல் போதும். சட்டத்தின் நடுவை விட, அது சுவருக்குள் நுழையும் கடைசி ஒரு அடியைத்தான் பார்க்க வேண்டும். மரம் உளுத்துப் போவது அங்கேதான், ஏனென்றால் சுவரின் ஈரத்தை நுனி குடிக்கிறது, காற்று படுவதில்லை. திருப்புளியை அழுத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. சுத்தியலால் தட்டினால் நல்ல தேக்கு கணீரென்று சொல்லும்; உளுத்தது மந்தமாகச் சத்தம் தரும். கீழே மாவு மாதிரித் தூள் கொட்டிக் கிடந்தால் உளுப்பூச்சி. சுவரில் மண் தடம் ஏறியிருந்தால் கரையான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒவ்வொரு சட்டத்துக்கும் சாக்பீஸால் எண் போட்டு, நோட்டில் நல்லது, நுனி கெட்டது, முழுதும் கெட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் எல்லாச் சட்டத்தையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் அந்த நோட்டுதான் உங்களுக்குத் துணை.

நுனி மட்டும் கெட்டிருந்தால் சட்டத்தையே மாற்ற வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை நல்ல மரம் வரும்வரை அறுத்து எடுத்துவிட்டு, அதே கனத்தில் காய்ந்த பழைய தேக்குத் துண்டை வைக்க வேண்டும். சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் 6 மி.மீ. இரும்புத் தகடு, 12 மி.மீ. போல்ட். தகட்டின் நீளத்தையும் போல்ட் எண்ணிக்கையையும் கட்டமைப்பு எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தரட்டும். சுவர்க்குழியில் மரத்தைச் சுற்றி அரை அங்குலம் காலி விடச் சொல்லுங்கள். கொத்தனார் பழக்கத்தில் சிமென்ட் வைத்து அடைத்துவிடுவார். புது நுனியும் பத்து வருடத்தில் போய்விடும். முழுதும் கெட்ட சட்டத்தை உருவி எடுக்க முயல வேண்டாம், மேலே உள்ள செங்கல் கொட்டும். அதன் பக்கத்திலேயே புதுச் சட்டம் சொருகி, மேலே மர ஆப்பு வைத்து இறுக்கினால் போதும்.

தளத்தை எடுத்துச் செய்ய வேண்டிய இடத்தில் பொதுப்பணித் துறையின் பழைய கணக்கே சரியானது: முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. ஜல்லியை முதல் நாளே நனைத்து வைக்க வேண்டும். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது. பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் வைத்து, ரசமட்டம் பார்த்துப் பரப்பி, மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கட்டை துள்ளி எழும்பும்வரை, சில நாள் அடி விழ வேண்டும். இங்கேதான் ஆட்கள் அவசரப்படுவார்கள். அரை நாள் அடித்துவிட்டுத் தட்டோடு ஒட்டினால் உள்ளே பொந்து நிற்கும், இரண்டாவது மழையில் ஒழுகும். அடித்து முடித்த பிறகு பத்து நாளாவது ஈரச்சாக்கு போட்டு வைக்க வேண்டும். இந்த வேலைக்குத் தை, மாசிதான் காலம். சித்திரையில் செய்தால் காய்ந்து வெடிக்கும். ஆடியிலிருந்து சாயங்கால மழை, ஐப்பசிக்கு மேல் அடைமழை. தட்டோடு முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை, பங்குனியில், மெத்தைக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். கீழே அறை எவ்வளவு குளிர்கிறது என்று அன்று இரவே தெரியும்.

சுண்ணாம்பைத் தாளிப்பது, அதாவது நீற்றுவது, பற்றி ஓர் எச்சரிக்கை. சுட்ட கல்லில் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீடு. தாளித்த சுண்ணாம்பு தண்ணீரில் மூழ்கியபடி இரண்டு வாரமாவது கிடக்கட்டும். வேகாத கட்டி உள்ளே இருந்தால் பூச்சில் பின்னால் பொரிந்து குழி விழும்.

அடுத்தது சுவரில் பூக்கும் உப்பு. மூன்றடி உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றடியில் எப்போதோ சிமென்ட் பூச்சு ஏற்றியிருக்கிறார்களா என்று தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். நிலத்து ஈரம் சுவரில் ஏறுவது புதிதல்ல. சுண்ணாம்புக் காரை இருந்தவரை ஒரு அடி ஏறி, வெளியே காய்ந்து போய்க்கொண்டிருந்தது. சிமென்ட் அதை அடைத்ததும் ஈரம் மேலே வழி தேடி ஏறியது. கூடவே வந்த உப்பு செங்கல்லுக்குள் படிந்து, காயும்போது பருத்து, செங்கல்லையே மாவாக்குகிறது. அதன்மேல் எந்த வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தாலும் ஈரம் இன்னும் ஒரு அடி மேலே போகும், அவ்வளவுதான்.

சிமென்ட் பூச்சை உப்புக்கோட்டுக்கு மேலும் ஒன்றரை அடி வரை, அதாவது நாலரை அடி உயரம், கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளில் ஒரு அங்குல ஆழம் சுரண்டி விடுங்கள். வெளியே வரும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்து, கீழே சாக்கு விரித்துப் பிடித்து, வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். முற்றத்தில் பெருக்கித் தள்ளினால் அடுத்த மழையில் அதே சுவருக்குத்தான் வரும். இரண்டு மூன்று மாதம் சுவர் திறந்து கிடக்கட்டும், வாரம் ஒருமுறை தேய்த்துக்கொண்டே இருங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த நேரத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின்மேல் புது ரோடு போட்டு, இன்று தெரு உங்கள் திண்ணையின் அடிக்கு மேலே வந்திருக்கும். அதற்காக வீட்டுத் தரையை உயர்த்தினால் கதவு நிலையும் தூணின் கல்பீடமும் புதைந்துவிடும். திண்ணைக்கு வெளியே ஒரு அடி அகலத்துக்குக் கல் மூடி போட்ட வடிகால் வெட்டி, தெருத்தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்புவதுதான் வழி. முற்றத்து வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, போய்ச்சேரும் நேரத்தைப் பாருங்கள். கூடத்துக்குக் கீழே போகும் பழைய சுட்டமண் குழாய் உடைந்திருந்தால் சுவருக்கு அந்தத் தண்ணீர்தான் தினமும் தீனி.

சுவரைத் திரும்பப் பூச சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. முதல் பூச்சு அரை அங்குலம், அது இறுகியபின் கால் அங்குலம், கடைசியில் மெல்லிய மெருகு. ஒரு வாரம் பத்து நாள் தெளிப்பு, நேர்வெயில் படாமல் சாக்கு. செங்கல் கட்டிய கலவை மண்ணா சுண்ணாம்பா என்று தெரிந்துகொள்ள, இடுக்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, நுரைக்காமல் சேறாகக் குழைந்தால் மண். மண்கலவைச் சுவரில் ஓட்டை போட்டு ரசாயனம் ஏற்றும் ஈரத்தடுப்பு சரியாக நிற்பதில்லை, பணத்தை வீணாக்க வேண்டாம்.

கலவைத் தண்ணீர் உங்கள் பக்கத்தில் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். ராணிப்பேட்டை தொடங்கி பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் நடந்த இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. போர்வெல் தண்ணீரில் பூச்சு போட்டு, அதே தண்ணீரைத் தெளித்தால், சுவருக்கு நீங்களே உப்பு ஊட்டுகிறீர்கள். தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் இந்திய நெறிமுறையின் உச்சவரம்பு. தாண்டினால் நகராட்சிக் குடிநீரோ நல்ல தண்ணீர் லாரியோதான்.

கரையானுக்கு முன்கட்டில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வீதம் மருந்துக் கரைசல் ஏற்றுவார்கள். இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத மருந்தென்றால் லிட்டருக்கு 2.1 மி.லி. உரிமம் உள்ள ஆளிடம் மட்டும் கொடுங்கள். கிணறு இருக்கும் பின்பக்கத்தில் மண்ணில் மருந்து ஏற்றவே கூடாது. அங்கே மரத்துக்கு மட்டும், ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸும் 40 கிராம் போரிக் ஆசிட்டும் கரைத்து, காய்ந்த மரத்தில் இரண்டு முறை பிரஷ்ஷால் பூசுங்கள். உளுப்பூச்சிக்கும் இதுவே ஆகும். ஆனால் ஏற்கெனவே பெயிண்ட் இருக்கும் மரத்தில் இறங்காது.

இப்போது வீட்டைப் பிரித்து அமைப்பது. தோட்டத்தில் 20 அடி அகலம், 14 அடி ஆழத்தில் தூண் போட்ட கான்கிரீட் கட்டடம் ஒன்று எழுப்புங்கள். கிணறு நிற்கும் மூலை எட்டடி திறந்தே இருக்கட்டும். கீழே சமையலறை, மாமியாரின் குளியலறை, பாத்திரம் துலக்க ஒரு சின்ன இடம். மேல்தளத்தில் நீங்கள் கேட்கும் மாடி அறையும் இன்னொரு குளியலறையும். தண்ணீர்த் தொட்டியும் இதன் தலையில்தான். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். பழைய மெத்தையில் இப்போது தொட்டி இருந்தால் முதல் வேலையாக இறக்கிவிடுங்கள். பழைய மெத்தையின்மேல் அறை கட்டுவது, அதுவும் குளியலறையோடு, எந்த எஞ்சினியர் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

புதுக் கட்டடமும் பழையதும் ஒட்டக் கூடாது. புது அஸ்திவாரம் முதல் இரண்டு வருடத்தில் கொஞ்சம் இறங்கும். பழையது இறங்கி முடித்துவிட்டது. சேர்த்துக் கட்டினால் சேர்ந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, அமுங்கும் போர்டு வைத்து, மேலே அலுமினியத் தகடு மூடி போடுங்கள். தகடு பழைய சுவரில் மட்டும் பிடிக்கட்டும், புதிய பக்கம் சும்மா மேலே படியட்டும். தூண்குழி தோண்டும்போது பொதுச்சுவரின் கல் அஸ்திவாரத்தை விட ஆழமாகப் போக வேண்டியிருந்தால் ஒரே நேரத்தில் எல்லாக் குழியையும் திறக்கக் கூடாது. ஒன்றைத் தோண்டி, கான்கிரீட் போட்டு மூடியபின் அடுத்தது. திறந்த குழியோடு மழைக்காலத்தை எதிர்கொள்ளவே கூடாது.

மாமியாரை நெல் அறைக்கு மாற்றுங்கள். முன்னால் தெருச்சத்தம் கேட்கும் அறையை விட அது அமைதி. அதன் பின்கதவைத் திறந்தால் நேரே புதுக் குளியலறை. 5 அடிக்கு 8 அடி போதும். கதவு உள்ளளவில் மூன்றடி, வெளியே திறக்கட்டும். உள்ளே விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவரே அடைத்துக்கொண்டிருப்பார். வாசற்படி வேண்டாம், அறைக்கும் குளியலறைக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதற்காகக் குளியலறைத் தளத்தை ஆரம்பத்திலேயே தாழ்த்திப் போட வேண்டும், டைல்ஸ் ஒட்டும்போது யோசித்தால் முடியாது. இருக்கை உயரம் 18 அங்குலம், கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி. கம்பியைப் புதுச்சுவரில்தான் பொருத்த வேண்டும். பழைய செங்கல் சுவரில் விரியும் போல்ட் அடித்தால் செங்கல் பிளந்து, அவர் பாரம் கொடுக்கும் அன்று கையோடு வரும். டைல்ஸுக்கு முன் தளத்தில் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கழிவுக்குழாய் 4 அங்குலம், நாற்பது அடிக்கு ஒரு அடி வாட்டம். செப்டிக் டேங்க் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்க முடியும் என்றால், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கக் கூடாது. துணிக்கும் செடிக்கும் மட்டும்.

சமையலறை பின்னால் போய்விட்டால், சுவரை எடுக்கும் கேள்வியே பாதி தீர்ந்தது. பழைய சமையல்கட்டு சாப்பிடும் இடமாகட்டும். அதற்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள 14 அங்குலச் சுவர் உங்கள் மெத்தையைத் தாங்கும் சுவர், முழுதாக எடுக்கக் கூடாது. நாலடி அகலத் திறப்பு வைக்கலாம். மூலையிலிருந்து இரண்டடியாவது சுவர் நிற்க வேண்டும். இரு பக்கமும் விட்டங்களுக்குக் கீழே பலகை வைத்து முட்டுக் கொடுங்கள். ஒரு பக்கத்தில் சுவரின் பாதிக்கும் குறைவான ஆழத்துக்குக் காடி வெட்டி, ஒரு ப வடிவ இரும்புச் சேனலை நுழைத்து, மேலே உள்ள சந்தில் அரைகுறை ஈரமான சிமென்ட் கலவையைக் குத்தி இறுக்குங்கள். ஏழு நாள் விடுங்கள். பிறகுதான் மறுபக்கத்துச் சேனல். இரண்டையும் போல்ட்டால் சேர்த்தபின் கீழே உள்ள செங்கல்லை எடுக்கலாம். சேனலின் இரு நுனியும் எட்டு அங்குலம் கருங்கல் பலகைமேல் உட்கார வேண்டும். கல் உங்கள் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும். சேனலின் அளவு எஞ்சினியருடையது. இரண்டு பக்கக் காடியையும் ஒரே நாளில் வெட்டுகிறேன் என்று சொல்பவரை நிறுத்திவிடுங்கள்.

முற்றத்தை அடைத்துக் கண்ணாடி போட்டால் வைகாசியில் கூடம் அடுப்பாகிவிடும். சூடான காற்று மேலே போக முற்றம்தான் புகைபோக்கி. மழையும் குரங்கும் திருடனும் வராமல் இருக்க வேண்டும், காற்று மட்டும் போக வேண்டும். இரும்புச் சட்டத்தில், சுற்றியுள்ள கூரையை விட இரண்டடி உயர்த்தி ஒரு சின்னக் கூரை போடுங்கள். அது முற்றத்து விளிம்பைத் தாண்டி ஒன்றரை அடி வெளியே நீளட்டும், சாரல் அடிக்காது. வடக்குச் சரிவில் மட்டும் கண்ணாடி, மற்றப் பக்கம் ஓடு. இரண்டடி இடைவெளியில் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக 12 மி.மீ. சதுரக் கம்பி, உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய கொசுவலைச் சட்டம். முற்றத்துப் பள்ளத்தை மேடாக்கி டைல்ஸ் ஒட்ட வேண்டாம். எப்படியும் கொஞ்சம் தண்ணீர் விழும். மழைநீரைச் சும்மா விடக்கூடாது. முற்றக் கூரையும் அதைச் சுற்றி உள்நோக்கிச் சரியும் ஓடும் சேர்ந்து 300 சதுர அடி வந்தால், ஐந்து சென்டிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 1,400 லிட்டர். இரண்டு 4 அங்குலக் குழாய் வழியாக, ஜல்லியும் மணலும் போட்ட வடிதொட்டியில் விட்டு, கிணற்றில் இறக்குங்கள். ஒரே குழாய் வைத்தால் ஒரு வேப்பஞ்சருகு போதும், கூடம் குளமாகிவிடும்.

கணவருக்கு முன்னறை. பதினெட்டு அங்குலச் சுவரைத் தாண்டி வைஃபை சரியாக வராது, ஆகவே வயரிங் செய்யும்போதே ஒரு லேன் கேபிளை முன்னறைக்கும் இன்னொன்றை மாடி அறைக்கும் இழுத்துவிடுங்கள். மொத்த வயரிங்கும் புதிதாக வேண்டும்: விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. ஒயர், நல்ல எர்த், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பழைய சுவரில் குறுக்காக நீளக் காடி வெட்ட விடாதீர்கள். விட்டத்தின் பக்கவாட்டில் வெளியே தெரியும்படி குழாய் ஓடுவது அழகுக்குறைவு ஒன்றும் இல்லை. ஏசி வேண்டுமென்றால் கதவடைக்கும் படுக்கையறைக்கு மட்டும். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். ஒழுகலும் கரையானும் அதன் மறைவில் வளர்ந்து, தெரியவரும்போது சட்டம் இருக்காது.

தரையில் நல்ல நிலையில் உள்ள காவித்தரையை விட்டுவிடுங்கள். உடைந்த இடத்தில் கடப்பா கல்லைச் சுண்ணாம்புப் படுக்கையில் பதியுங்கள். பெரிய வழுவழு டைல்ஸ் தரை முழுக்க ஒட்டினால், தரை வழியே ஆவியாகப் போய்க்கொண்டிருந்த ஈரமும் சுவருக்குத் திரும்பும். அதே காரணத்துக்காக பழைய சுவர்களுக்கு புட்டியும் எமல்ஷனும் வேண்டாம். சுண்ணாம்பு வெள்ளை, வேண்டுமானால் காவி சேர்த்து.

கடைசியாகத் தூண்கள். பெயிண்டை எடுக்கலாம். ஆனால் பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே உப்புத்தாள் வைத்துக் காய்ந்தபடி தேய்க்கவும், தீயில் சுட்டு எடுக்கவும் கூடாது. பெயிண்ட் ரிமூவர் பூசி, நனைத்தபடியே மழுங்கிய தகட்டால் சுரண்டி, கீழே விரித்த பிளாஸ்டிக் தாளோடு சுருட்டி எடுத்துவிடுங்கள். முடியும்வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. மரம் நன்றாகக் காய்ந்ததும் வேகவைத்த ஆளிவிதை எண்ணெயும் டர்பெண்டைனும் சரிபாதி கலந்து முதல் பூச்சு, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இரண்டு நாள் விட்டு எண்ணெய் மட்டும் இன்னொரு கை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அன்றைக்கே தண்ணீரில் முக்கி, வெளியில் விரித்துக் காயப்போட்ட பிறகு எறியுங்கள்.